இந்தப் பாலம் யாருடையது?

கடந்த மழைக்காலத்தில் எமது அங்கத்தவர்கள் வேலை செய்யும் ஒரு தோட்டத்திலிருந்து மாவட்டக் காரியாலயத்துக்குக் கடிதம் ஒன்று வந்தது. தோட்டத் தலைவர் தன் கையால் எழுதியிருந்தார். மேல் டிவிசனுக்கும் ஸ்டோருக்கும் நடுவில் ஆற்றைக் கடக்கும் இரும்புப் பாலத்தின் அடியிலிருந்து துரு தகடு தகடாக உதிர்கிறது, கொழுந்து லொறி ஏறும்போது முன்னர் கேட்காத ஒரு சத்தம் கேட்கிறது, பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதும் அந்த வழியால்தான் என்று அதில் இருந்தது. நாம் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதினோம். அது பொதுமக்கள் பாவிக்கும் பாதை, பிரதேச சபையைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. பிரதேச சபைக்கு எழுதினோம். தோட்டத்துக்குள் இருக்கும் பாலம், எமது பதிவேட்டில் அது இல்லை என்றார்கள். மறுபடியும் நிர்வாகத்துக்கு எழுதினோம். துரை மாறிவிட்டார், புதியவர் பொறுப்பேற்றதும் கவனிக்கப்படும் என்றார்கள். இப்படியே மாதங்கள் போயின. கோவையில் கடிதங்கள் சேர்ந்தன, பாலத்துக்கு ஒரு போல்ட் கூடப் போய்ச் சேரவில்லை.

இந்தக் கடிதங்களை அடுக்கிப் பார்த்தபோது எமக்கு நினைவுக்கு வந்தது தாய்வான் நாட்டில் விழுந்த ஒரு பாலம். நான்ஃபாங்காவ் என்பது அதன் பெயர். தோட்டத் தொழிலாளரின் பத்திரிகையில் தாய்வான் பாலத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அங்கே செத்த ஆறு பேரும் பிழைப்புக்காக வந்த தொழிலாளர்கள். அந்தப் பாலத்தைப் பற்றியும் விழுவதற்கு முன்னர் யாரும் தெளிவாகச் சொல்லாத கேள்வி ஒன்று இருந்தது: இதைப் பார்க்க வேண்டியவர் யார்? அதனால் அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

தாய்வானின் வடகிழக்குக் கரையில் யீலான் மாவட்டம் இருக்கிறது. அங்குள்ள நான்ஃபாங்காவ் பெரிய மீன்பிடித் துறைமுகம். முன்னர் இருந்த பாலம் தாழ்வானது, பெரிய படகுகள் அதன் கீழே போக முடியவில்லை. ஆகவே 1998ஆம் ஆண்டில் உயரமாக ஒரு உருக்கு வளைவுப் பாலத்தைக் கட்டினார்கள். 140 மீற்றர் நீளம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 18 மீற்றர் உயரம். பாலத்தின் நடுவே ஒற்றை வளைவு எழுந்து, இரண்டு முனையிலும் காலை அகட்டி நிற்பதுபோல இரண்டாகப் பிரிந்து இறங்கும். பார்க்க அழகான பாலம்தான். ஊரின் அடையாளமாக அதைப் படம் எடுத்துப் போவார்கள்.

வளைவுப் பாலம் எப்படி நிற்கிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான் அது ஏன் விழுந்தது என்பதும் விளங்கும். வளைவு என்பது எம் ஊர் மக்களுக்குப் புதிதல்ல. பேராதனையில் மகாவலி ஆற்றுக்கு மேலே 1833 வாக்கில் முடிந்த பாலம் முழுக்க முதிரை மரத்தால் ஆன ஒற்றை வளைவு, 205 அடி அகலத்தை ஒரே தாவலில் கடந்தது. ரயில் பாதை வருவதற்கு முன்னர் கண்டிச் சீமையின் கோப்பி மாட்டுவண்டிகளில் அதன் மேலேதான் கொழும்புக்குப் போனது. எழுபது வருடத்துக்கு மேல் உழைத்து, 1905இல் அது கழற்றப்பட்டது. வளைவின் பலம் என்னவென்றால், மேலே ஏறும் பாரத்தை அது இரண்டு கரைக்கும் தள்ளிக் கொடுத்துவிடும். இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்தால் ஒருவர் மற்றவரைத் தாங்குவதைப் போல. ஆனால் கால்கள் வழுக்காமல் இருக்க வேண்டும். கரையில் நல்ல பாறை இருந்தால் பாறை பிடித்துக்கொள்ளும்.

நான்ஃபாங்காவ் மாதிரியான துறைமுகத்தில் பாறையை நம்ப முடியாது. அங்கே வேறு வழி செய்வார்கள். வில்லை நினைத்துக்கொள்ளுங்கள். வில்லின் இரண்டு நுனியும் விரிந்து போகாமல் நாண் இழுத்துப் பிடிக்கிறது அல்லவா? பாலத்தின் தளமே அந்த நாண். தளத்தின் பாரமோ வளைவிலிருந்து தொங்கும் உருக்கு வடங்களில் தொங்குகிறது. நான்ஃபாங்காவில் அப்படி 13 வடங்கள். ஒவ்வொரு வடமும் பல கம்பிப் புரிகளைச் சேர்த்துக் கட்டிய கற்றை, வெளியே உறை போட்டது. வடத்தின் கீழ் முனை தளத்துக்குள் போய் அங்கே பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டுத்தான் எல்லாம். அதை வெளியே இருந்து பார்க்க முடியாது.

2019 ஒக்டோபர் 1ஆம் திகதி காலை. முதல் நாள் ஒரு சூறாவளி அந்தப் பக்கத்தைத் தொட்டுப் போயிருந்தது, அன்று காற்று ஓய்ந்துவிட்டது. ஒன்பதரை மணியளவில் எண்ணெய்த் தாங்கி லொறி ஒன்று பாலத்தைக் கடந்து மறு கரைக்குக் கிட்டப் போய்விட்டது. அந்த நேரத்தில் வடம் அறுந்தது. ஒன்று அறுந்ததும் அதன் பாரம் பக்கத்து வடங்களுக்குப் போனது, அவையும் ஏற்கனவே நைந்திருந்தவை. கண்காணிப்புக் கமராவில் பதிவான காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாலம் முழுவதும் விழுவதற்குச் சில விநாடிகள்தான் எடுத்தது. லொறி விழுந்து தீப்பற்றியது, சாரதி காயத்தோடு உயிர் தப்பினார். பாலம் விழுந்தது கீழே கட்டியிருந்த மீன்பிடிப் படகுகளின் மேலே. படகுகளில் இருந்த ஆறு பேர் இறந்தார்கள். மூன்று பேர் இந்தோனேசியர், மூன்று பேர் பிலிப்பைன்ஸ் நாட்டவர்.

தாய்வான் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விசாரித்து 2020இல் அறிக்கை வெளியிட்டது. வடங்களின் கீழ்ப்பூட்டுக்குள் மழைத் தண்ணீரும் கடல் உப்பும் இறங்கியிருந்தன. உள்ளே கம்பிப் புரிகள் துருப்பிடித்து மெலிந்து, மோசமான வடத்தில் பாரம் தாங்கக்கூடிய உருக்கு கால்பங்கு அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது. மேலே உறை நன்றாகவே இருந்தது. கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வெளியே பட்டை பச்சையாக இருக்கும், கத்தி இறங்கும்போதுதான் உள்ளே கறையான் தின்று மண்ணாக்கி வைத்திருப்பது தெரியும். அந்தச் செடியைக் கண்ணால் பார்த்து நல்ல செடி என்று எழுதிவிட்டுப் போகிற கணக்கப்பிள்ளையை நாம் என்ன சொல்லுவோம்?

அங்கேயும் அப்படித்தான் நடந்தது. பாலத்தின் பொறுப்பு துறைமுகத்தை நடத்தும் நிறுவனத்திடம் இருந்தது. ஆனால் நெடுஞ்சாலைப் பாலங்களைப் பரிசோதிக்கும் ஒழுங்கு நெடுஞ்சாலைத் திணைக்களத்துக்குத்தான், துறைமுகப் பாலம் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றது. மாவட்ட நிர்வாகம் தன் எல்லைக்குள் இருக்கிறது என்று சில தடவைகள் பார்வையிட ஆள் அனுப்பியது, கடைசியாக 2016இல். பார்வையிட்டவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததைக் குறித்தார்கள். இந்த வகைப் பாலத்தில் வடத்தின் பூட்டைத்தான் பார்க்க வேண்டும், அதற்குத் தனி முறை வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. மூன்று கதவு, மூன்றிலும் வேறு வேறு பெயர்ப்பலகை. எம் கோவையில் உள்ள கடிதங்களை வாசித்தால் இதே வாசனை அடிக்கிறது.

இறந்தவர்கள் ஏன் படகில் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் மீன்பிடித் தொழிலாளர் கரைக்கு வந்த பின்னரும் படகிலேயே படுத்து எழும்புவது அங்கே வழக்கம். தங்குவதற்கு அறை எடுத்தால் செலவு, முதலாளிக்கு அது வேண்டாத செலவு. நாளெல்லாம் வேலை செய்த அதே பலகையில் இரவும் கழியும். லயக் காம்பராவில் பிறந்து வளர்ந்த எமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வேலை தருகிறவனே இருப்பிடத்தையும் தந்தால், வேலைத்தளத்துக்கு வரும் ஆபத்தெல்லாம் இருப்பிடத்துக்கும் வரும். மேலே மண் சரிந்தாலும் கீழே ஆறு பெருகினாலும் முதலில் போவது லயம்தானே.

இந்தத் துறைமுகத்தில் ஒரு தொழிற்சங்கமும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. யீலான் புலம்பெயர் மீனவர் சங்கம் என்று 2013இல் தொடங்கிய அது, தாய்வானில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தாங்களாகவே அமைத்த முதல் சங்கம். பாலம் விழுந்த பின்னர் அவர்கள் கேட்டது புதுப்பாலத்தை மட்டும் அல்ல. கரையில் தங்குமிடம் கேட்டார்கள். புதுப்பாலம் 2022இல் திறக்கப்பட்டுவிட்டது. தங்குமிடக் கோரிக்கைக்கு அந்த வேகம் இருக்கவில்லை. பாலம் கட்டுவது நாடாவை வெட்டுகிறவருக்கும் ஒரு படம் தருகிறது, தொழிலாளிக்கு அறை கட்டிக் கொடுப்பதில் அப்படிப் பெரிய படம் கிடையாது.

இனி, பழைய இரும்பு விழத்தானே செய்யும், அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று சொல்லுகிறவர்களிடம் வருவோம். நிர்வாகம் தந்த பதில்களில் இதுவும் ஒன்று: "பாலம் வெள்ளைக்காரன் காலத்தது." நான்ஃபாங்காவ் பாலம் விழும்போது அதற்கு வயது 21. வெள்ளைக்காரன் காலத்துப் பாலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவுஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். சிட்னி துறைமுகப் பாலம் 1932 மார்ச் 19ஆம் திகதி திறக்கப்பட்டது. அதுவும் உருக்கு வளைவுதான், ஒரே வளைவு 503 மீற்றர் தூரத்தைக் கடக்கிறது. ஏறத்தாழ 52,800 தொன் உருக்கு, அறுபது லட்சம் அளவு ரிவெட். வெல்டிங் பரவலாக வராத காலம். ரிவெட்டைச் சூளையில் பழுக்கக் காய்ச்சி, ஒருவர் எறிய இன்னொருவர் வாளியில் பிடித்து, சுத்தியலால் அடித்து இறுக்கினார்கள். கட்டும்போது 16 தொழிலாளர் இறந்தார்கள். வெயிலுக்கு அந்த உருக்கு விரிந்து வளைவின் உச்சி 18 சென்றிமீற்றர் வரை உயர்ந்து தாழும், அதற்கு இடம் கொடுப்பதற்காகக் காலடியில் பெரிய கீல்கள் வைத்திருக்கிறார்கள். தொண்ணூறு வயது தாண்டிய அந்தப் பாலத்தில் இன்றைக்கும் ரயிலும் லொறியும் ஓடுகின்றன.

எப்படி ஓடுகின்றன? பெயின்ட். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பதில் அதுதான். உருக்குக்கு எதிரி தண்ணீரும் காற்றும் சேர்ந்து வருவது. இரண்டையும் பெயின்ட் தடுத்து வைக்கிறது. சிட்னிப் பாலத்துக்கு முதலில் மூன்று பூச்சுப் பூச 272,000 லீற்றர் பிடித்தது. பூசி முடித்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு பக்கத்திலிருந்து சுரண்டி, சுத்தம் செய்து, பூசிக்கொண்டு போவார்கள். மறு பக்கம் முடியும்போது முதல் பக்கம் மறுபடியும் பூசத் தயாராக இருக்கும். தலைமுறை தலைமுறையாக அதற்கென்றே நிரந்தரத் தொழிலாளர் இருந்தார்கள். பின்னாளில் சினிமாவில் பெயர் வாங்கிய போல் ஹோகன் கூட அந்தப் பாலத்தில் உயரத்தில் கயிறு கட்டி வேலை செய்தவர். இப்போது பழைய பெயின்டைச் சுரண்டுவதற்கு இயந்திர மனிதனும் வந்திருக்கிறது, ஆனாலும் ஆட்களை எடுத்துவிடவில்லை.

ஆக அந்தப் பாலம் நிற்பது உருக்கின் நல்ல குணத்தால் அல்ல. ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவருக்கு அதைப் பார்ப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அதனால் நிற்கிறது. இந்த இடத்தில்தான் எமக்கும் கம்பனிகளுக்கும் வழக்கு. முன்னர் தோட்டங்களில் கான் வெட்ட ஒரு கூட்டம் இருந்தது, ரோட்டு வேலைக்கு ஆள் இருந்தது, மேசனும் தச்சரும் தோட்டப் பதிவில் இருந்தார்கள். மழைக்கு முன்னர் பாலத்தடிக் குப்பையை இழுத்துப் போட்டு, கைப்பிடிக்குப் பெயின்ட் அடித்து, உக்கிய பலகையை மாற்றினார்கள். அவை எல்லாம் வருமானம் தராத வேலை என்று முதலில் கைவைக்கப்பட்டன. ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. தேவைப்பட்டால் கொந்தராத்துக்குக் கொடுப்போம் என்றார்கள். தேவை எப்போது என்று முடிவெடுக்கிறவர் கொழும்பில் இருக்கிறார். பாலத்தில் வரும் சத்தம் அங்கே கேட்காது.

பணக்கார நாட்டுக்காரர் எல்லாரும் ஒழுங்காகப் பார்க்கிறார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தின் டைன் பாலம் 1928இல் திறக்கப்பட்டது. சிட்னிப் பாலத்தைக் கட்டிய அதே டோர்மன் லோங் கம்பனி கட்டியது. அதைப் பெரிதாகத் திருத்திப் பெயின்ட் அடித்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட, பச்சைப் பாலம் துருப்பிடித்த சிவப்பாக மாறியது. உள்ளூராட்சி சபைகள் பணம் கேட்க, மத்திய அரசாங்கம் யோசிக்க, 2024இல்தான் வேலை தொடங்கியது. நூற்றாண்டு வருகிற 2028க்குள் முடிப்பது திட்டம். வருடா வருடம் கொஞ்சமாகச் செலவழிக்காததை மொத்தமாகச் செலவழிக்கிறார்கள், அதுவும் ஓடுபாதைகளைக் குறைத்து, சனத்தை வரிசையில் நிற்க வைத்துக்கொண்டு.

அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் கதை இன்னும் மோசம். அங்கே ஃபேர்ன் ஹொலோ என்ற பாலம் 2022 ஜனவரி 28ஆம் திகதி விடியற்காலையில் ஒரு பஸ்ஸோடு சேர்ந்து பள்ளத்துக்குள் விழுந்தது. அது வளைவுப் பாலம் அல்ல, சாய்ந்த உருக்குக் கால்களில் நின்ற பாலம், வளைவுக்குக் கிட்டிய உறவு என்று சொல்லலாம். நல்ல காலம், யாரும் சாகவில்லை. நாட்டின் பாலங்களைத் திருத்துவது பற்றிப் பேசுவதற்காக ஜனாதிபதி பைடன் அந்த நகரத்துக்கு வந்த அதே நாளில் இது நடந்தது. இந்தப் பாலத்தைப் பரிசோதிக்க ஆள் இல்லாமல் இல்லை. ஒழுங்காகப் பரிசோதித்தார்கள், மோசமான நிலை என்று வருடக் கணக்காக எழுதினார்கள். தண்ணீர் வடியும் வழிகள் குப்பையால் அடைபட்டிருக்கின்றன, தண்ணீர் கால்களில் வழிந்து தேங்குகிறது, சுத்தம் செய்யுங்கள், துருவைத் திருத்துங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நகர நிர்வாகம் செய்யவில்லை. விசாரணையில் வந்த முடிவும் அதுதான். கான் வெட்டாததால் விழுந்த பாலம் என்று எம் பாஷையில் சொல்லலாம்.

நான்ஃபாங்காவில் பார்க்க வேண்டியதை யாரும் பார்க்கவில்லை. பிட்ஸ்பேர்க்கில் பார்த்தார்கள், எழுதினார்கள், காகிதம் காகிதமாகவே இருந்தது. மலையகத்தில் எமக்கு இரண்டு நோயும் சேர்ந்து இருக்கிறது.

எமது தோட்டப் பாலங்களில் பெரும்பாலானவை வளைவு அல்ல, இரும்பு உத்திரம் போட்டுப் பலகையோ கொங்கிரீட்டோ பரப்பியவை. கடல் உப்பு இங்கே இல்லை. அதற்குப் பதிலாகப் பனியும் மூடுபனியும் மாதக் கணக்காகப் பெய்யும் மழையும் இருக்கின்றன. உத்திரத்தின் மேல் தட்டில் இலையும் மண்ணும் படிந்து ஈரம் காயவே விடாது. உர லொறியிலிருந்து சிந்தும் உரம் அதில் கரைந்தால் துரு இன்னும் விரைவாகும், அமோனியம் சல்பேற்றுக்கும் இரும்புக்கும் ஆகவே ஆகாது. அடியில் ஆறு வெள்ளத்தில் அத்திவாரத்தை அரிக்கும். உலகத்தில் பாலங்கள் விழுவதற்குப் பெரிய காரணம் துரு கூட அல்ல, இந்த அரிப்புத்தான். மேலே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, ஒரு வெள்ளத்தில் கரைச்சுவரோடு போய்விடும். மாட்டுவண்டிக்கும் சின்ன லொறிக்கும் போட்ட பாலத்தில் இப்போது விறகு ஏற்றிய பெரிய லொறி போகிறது. எத்தனை தொன் வரை போகலாம் என்று ஒரு பலகை கூட இருக்காது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவழிக்க இடம் தராமல் இருந்தது. நாமும் வாக்காளர்தான், எம் வாக்கிலும்தான் சபை அமைகிறது, ஆனால் எம் பாதைக்கு ஒரு வண்டிக் கல் போட முடியாது என்ற நிலை. பல வருடங்கள் கேட்டுப் போராடிய பின்னர் 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே வருடம் மலையகப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்கும் சட்டம் வந்தது. ஆகவே தோட்டத்துக்குள் இருக்கிறது, எமக்கு அதிகாரம் இல்லை என்று இன்றைக்குப் பதில் எழுதும் உத்தியோகத்தர் பழைய சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறார். பணம் இல்லை என்று சொன்னால் அது வேறு பேச்சு, அதை நாம் பேசலாம்.

கம்பனிகளோ காணி எமது அல்ல, அரசாங்கத்தின் காணியைக் குத்தகைக்குத்தான் வைத்திருக்கிறோம் என்பார்கள். உண்மைதான். 1992இல் நிர்வாகம் கைமாறியது, பின்னர் 53 வருடக் குத்தகை, 2045 வரை. குத்தகை முடியும் நாள் கிட்ட வர வர, அடுத்தவர் பாவிக்கப்போகும் பாலத்துக்கு நான் ஏன் பெயின்ட் வாங்க வேண்டும் என்ற எண்ணம் வருவது வியாபாரியின் குணம். அதைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. ஆனால் அந்தக் குத்தகையின் கீழ் பறித்த கொழுந்து இந்தப் பாலத்தின் மேலால்தான் ஸ்டோருக்குப் போகிறது. கொழுந்து போகிற வரைக்கும் பாலம் கம்பனியுடையதாக இருக்கிறது, துரு உதிரும்போது மட்டும் பொதுமக்களுடையதாக மாறுகிறது. இதை நாம் ஏற்றுக்கொள்ள மாட்டோம்.

தேயிலை விலை சரியில்லை, பாலத்துக்குச் செலவழிக்க முடியாது என்ற பேச்சும் வரும். நாம் சிட்னிப் பாலம் கட்டித் தரச் சொல்லவில்லை. உத்திரத்தின் மேல் இருக்கும் மண்ணையும் இலையையும் கூட்டித் தள்ளுவதற்கு ஒரு நாளைக்கு இரண்டு பேருடைய பெயர் போட்டால் போதும். தண்ணீர் வடிய கான் திறந்துவிடலாம். துருவைச் சுரண்டி அடிப்பூச்சுப் பெயின்ட் அடிப்பது ஒரு வாரத்து வேலை. பார எல்லையை எழுதி ஒரு பலகை நாட்டுவது அதைவிடக் குறைந்த செலவு. இதற்கும் மேலே, தகுதியான பொறியியலாளர் ஒருவர் வந்து அடியில் இறங்கிப் பார்த்து எழுத்தில் தர வேண்டும். மேலே ஜீப்பை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போவதை நாம் பரிசோதனை என்று எடுக்க மாட்டோம். நான்ஃபாங்காவிலும் எட்டிப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

இதில் சங்கத்தின் பக்கமும் குறை இருக்கிறது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. சம்பளம், வேலை நாள், சேமலாப நிதி என்று வந்தால் நாம் உடனே எழும்புவோம். பாதையும் பாலமும் கோரிக்கைப் பட்டியலின் கடைசியில் இருக்கும், பேச்சுவார்த்தை இழுபட்டால் முதலில் விட்டுக்கொடுப்பதும் அதைத்தான். அந்தத் தோட்டத் தலைவர் எழுதிய கடிதம் கூட எம் காரியாலயத்தில் இரண்டு கிழமை பிரிக்கப்படாமல் கிடந்தது.

அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும் தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிகளும் தங்கள் டிவிசனில் உள்ள ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்கிறோம். பாலம் எங்கே இருக்கிறது, எதனால் ஆனது, ஒரு நாளைக்கு எத்தனை பேர், எத்தனை பாடசாலைப் பிள்ளைகள் அதில் நடக்கிறார்கள், எந்த லொறி போகிறது. அடியில் போய்ப் பார்க்கக்கூடிய இடமென்றால், வறட்சியான நாளில், இரண்டு பேர் கூட இருக்கப் பாருங்கள். தகடுகளுக்கு நடுவில் துரு பொங்கித் தகட்டை விலக்கியிருக்கிறதா, ரிவெட்டோ போல்ட்டோ கழன்ற ஓட்டை இருக்கிறதா, உத்திரம் கரைச்சுவரில் உட்காரும் இடத்தில் தண்ணீர் நிற்கிறதா, சுவரின் அடிக்கல் வெளியே தெரிகிறதா, லொறி போகும்போது சத்தம் மாறியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கையடக்கத் தொலைபேசியில் திகதியோடு படம் எடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்தப் பொறியியலாளரும் மறுக்க முடியாது.

அந்தப் பக்கங்களை ஒன்றுசேர்த்து, ஒரே கடிதமாக, கம்பனிக்கும் பிரதேச சபைக்கும் பிரதேச செயலாளருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் அனுப்புவோம். மூவருக்கும் மற்ற இருவருக்கு அனுப்பிய பிரதியும் போகும். பாலம் தங்களுடையது அல்ல என்று சொல்லுகிறவர், யாருடையது என்று எழுத்தில் தர வேண்டும். முதல் கடிதத்தை எழுதிய தோட்டத் தலைவரின் பாலம் அந்தப் பட்டியலில் முதலாவதாக இருக்கும். அது வரைக்கும் அந்தப் பாலத்தில் விறகு லொறியை ஏற்ற வேண்டாம் என்று நிர்வாகத்துக்கு நேற்று எழுதியிருக்கிறோம், ஏற்றினால் லொறிக்கு முன்னால் நிற்பதற்கு அந்த டிவிசன் மக்கள் தாங்களாகவே முறை போட்டு வைத்திருக்கிறார்கள்.